வயலில் கல் நட்டால் மனை ஆகிவிடுமா?

கிராமப்புற நிலப் பயன்பாடு: சந்தேகங்களும் விளக்கங்களும்

புறவழிச்சாலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால் போதும். ஊர் எல்லையில் வண்ணக் கொடிகள் பறக்கத் தொடங்கிவிடும். போன தை மாதம் கதிர் அறுத்த வயலில் மஞ்சள் பூசிய கற்கள் வரிசைகட்டி நிற்கும். செம்மண் கொட்டிய பாதைக்கு ‘மெயின் ரோடு’ என்று பெயர்ப்பலகை முளைக்கும். ‘இலவசப் பத்திரப்பதிவு, இலவச வேன் வசதி, தங்க நாணயம்’ என்று துண்டறிக்கை வீடு தேடி வரும். அந்த மூன்றும் கிடைத்தாலும் கிடைக்கும். கிடைக்க வேண்டிய காகிதம் மட்டும் பல இடங்களில் கிடைப்பதில்லை. கிராமத்து நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், யார் அனுமதிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் வாங்குவோரும் விற்போரும் பக்கத்து வயல்காரரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நிலம் என் பெயரில் பட்டா ஆகியிருக்கிறது. அதில் நான் எது வேண்டுமானாலும் செய்யலாம்தானே?

என்ன பயிர் வைப்பது என்பது உங்கள் விருப்பம். நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறினால் யாரும் கேட்க முடியாது. ஆனால் அதே நிலத்தை மனைகளாகப் பிரிக்கவோ, திருமண மண்டபம், கிடங்கு, ஆலை கட்டவோ முனைந்தால் அது 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. சட்டத்தின் பெயரிலேயே ‘ஊர்’ இருக்கிறது. அது நகரத்துக்கு மட்டுமான சட்டம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் அதிகம். பட்டா என்பது நிலம் யாரிடம் இருக்கிறது என்று வருவாய்த் துறை குறித்துவைக்கும் ஆவணம். நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை அது சொல்வதில்லை.

பட்டாவில் ‘புஞ்சை’ என்றுதான் இருக்கிறது. நஞ்சை இல்லையே, பிறகென்ன தடை?

அடிக்கடி காதில் விழும் குழப்பம் இது. நஞ்சை, புஞ்சை என்பது பாசனத்தை வைத்துத் தீர்வை போடுவதற்காக வருவாய்த் துறை செய்த பிரிவினை. நகர் ஊரமைப்புத் துறையின் பிரிவினை வேறு. அது ஒரு வட்டாரத்துக்கு ‘முழுமைத் திட்டம்’ போட்டு, ஒவ்வொரு சர்வே எண்ணையும் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று வகைப்படுத்துகிறது. புஞ்சை நிலம் வேளாண் உபயோகப் பகுதியில் இருக்கலாம். நஞ்சை நிலம் குடியிருப்புப் பகுதிக்குள் விழுந்திருக்கவும் கூடும். இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முழுமைத் திட்டம் உள்ள இடத்தில் வேளாண் பகுதியைக் குடியிருப்பாக மாற்ற வேண்டுமானால் ‘நில உபயோக மாற்றம்’ கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மாற்றத்தை அனுமதிப்பதற்கு முன் நாளிதழில் அறிவிப்பு வந்தாக வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் குறிப்பிட்ட நாளுக்குள் எழுதித் தரலாம். அந்த அறிவிப்பு ஏல விளம்பரத்துக்கும் ‘ஆவணம் காணவில்லை’ விளம்பரத்துக்கும் நடுவில் பொடி எழுத்தில் கிடக்கும் என்பதும், பாதிக்கப்படப்போகும் விவசாயி கண்ணில் அது படுவது அபூர்வம் என்பதும் உண்மை. ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் குறைந்தா போய்விடும்?

முழுமைத் திட்டமே போடப்படாத கிராமங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அங்கே கேள்வி கேட்பார் இல்லை என்ற நிலை வெகுகாலம் இருந்தது. இப்போது சட்டத்தின் 47-ஏ பிரிவும் அதன்கீழ் 2017-ல் வந்த விதிகளும் அந்த இடைவெளியை அடைக்கின்றன. அதன்படி, திட்டமில்லாப் பகுதியிலும் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவும் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியும் வேண்டும்.

சென்னையைச் சுற்றியுள்ளவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1,189 சதுர கி.மீ. அளவில் இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022-ல் 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இன்னும் ஏர் ஓடும் கிராமங்கள் பல இதனால் பெருநகர எல்லைக்குள் வந்துவிட்டன.

மூன்று ஆண்டு தரிசாகப் போட்டுவிட்டால் தானாக மனை நிலம் ஆகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. தரிசாகக் கிடந்தது என்பதற்காக மட்டும் நிலத்தின் வகை மாறிவிடாது. விண்ணப்பம் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் ‘விளையாத நிலம்’ என்று அடங்கல் எனும் சாகுபடிப் பதிவேட்டில் பதிவாகியிருந்தால் கேட்பது சுலபம் என்ற கணக்கில் நல்ல வயலை வேண்டுமென்றே காயப்போடுகிறவர்கள் உண்டு. மனைத் தொழிலில் இது ஊரறிந்த ரகசியம்.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனை வாங்கலாமா?

துண்டறிக்கையில் இந்த இரண்டு சொற்களைக் கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள். ஊராட்சித் தலைவர் தம் விருப்பத்துக்கு ஒரு மனைப்பிரிவை அங்கீகரிக்க முடியாது. வரைபடத்தைத் தொழில்நுட்ப ரீதியாகப் பரிசீலித்து ஒப்புதல் தரவேண்டியது, இடத்தைப் பொறுத்து, டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். அந்த ஒப்புதலுக்குப் பிறகு சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். அதன்பின்பே ஊராட்சி தன் இறுதி அனுமதியை வழங்கும். முதல் படி இல்லாமல் கடைசிப் படியை மட்டும் காட்டுவதுதான் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’.

அந்தக் காலத்தில் இப்படி விற்ற மனைகள் எத்தனையோ ஊர்களில் இன்று தெருக்களாகவே ஆகிவிட்டன. வீடு இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, வீட்டு வரி ரசீதும் இருக்கிறது. வரி ரசீதைச் சட்டபூர்வ அங்கீகாரம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளாட்சி அமைப்பு வரி வாங்கிக்கொண்டதால் மட்டும் கட்டடமோ மனையோ முறைப்படி ஆகிவிடாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவர் காட்டும் ஒப்புதல் எண்ணை டிடிசிபி மாவட்ட அலுவலகத்தில் சரிபாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை வாங்கி, அதிலுள்ள சர்வே எண்ணும் உங்களுக்குக் காட்டிய இடமும் ஒன்றுதானா என்று பாருங்கள். பக்கத்து மனைப்பிரிவின் ஒப்புதல் எண்ணைக் காட்டி விற்பதும் நடக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதிவாகியிருக்க வேண்டும். அந்த ரெரா பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்வதே விதிமீறல்.

அங்கீகாரம் இல்லாத மனையைச் சார்-பதிவாளர் பதிவு செய்துதானே கொடுக்கிறார்? அவருக்குத் தெரியாததா?

2016-க்கு முன் தாராளமாகப் பதிவு செய்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி, ஒரு பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பத்திரப்பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. பதிவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் அமலுக்கு வராமல் கிடந்த 22-ஏ பிரிவு, 2016 அக்டோபர் 20-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. அனுமதி பெறாமல் மனையாக மாற்றப்பட்ட நிலத்தைப் பதிவு செய்யச் சார்-பதிவாளர் மறுக்க வேண்டும் என்கிறது அது. கோயில் நிலம், அரசு நிலம் போன்றவற்றின் பதிவைத் தடுப்பதும் இதே பிரிவுதான்.

அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. ஒரு மனை ஏற்கெனவே மனையாகவே பதிவாகியிருந்தால் மறுபடியும் பதிவு செய்யலாம். ‘பத்திரம் ஆகிறதே சார், பிறகென்ன’ என்று தரகர் சொல்வது இதை வைத்துத்தான். பத்திரம் ஆகும்; ஆனால் வரன்முறைப்படுத்தாமல் அந்த மனையில் வீடு கட்டத் திட்ட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைப்பது கஷ்டம்.

பழைய மனைகளை முறைப்படுத்த 2017 மே 4-ம் தேதி வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-ம் தேதிக்குள் ஒரு மனையாவது விற்கப்பட்ட மனைப்பிரிவுகளுக்கு இது பொருந்தும். ஏரி, குளம், வாய்க்கால், ஆறு ஆகியவற்றில் விழும் மனைகளுக்குப் பொருந்தாது. விண்ணப்பிக்கும் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது; உங்கள் மனைக்கு இப்போது வாய்ப்பு உண்டா என்பதை டிடிசிபி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும், தரகரிடம் அல்ல. இப்படித் தவணை தவணையாக நீட்டிப்பது, முறையாக அனுமதி பெற்றவரை ஏமாளியாக்கும் வேலை என்பது என் கருத்து.

‘மனை’ என்று சொல்லாமல் 10 சென்ட் ‘பண்ணை நிலம்’ என்று விற்கிறார்கள். இது சரியா?

நடுவில் பாதை விட்டு, இரு பக்கமும் துண்டு துண்டாகப் பிரித்து விற்றால் அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது மனைப்பிரிவுதான். விளைநிலமாகவே பத்திரம் போட்டு, நான்கு மாங்கன்றும் சொட்டு நீர்க் குழாயும் வைத்து, ‘வார இறுதி வீடு கட்டிக்கொள்ளலாம்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள். அந்த வாய்வார்த்தை பத்திரத்தில் இருக்காது. பாதையும் பொதுப்பாதையாக ஊராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்காது. நாளை முன்பக்கத்து ஆள் கேட்டைப் பூட்டினால் நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும்.

மனைப்பிரிவில் பூங்கா இடம் என்று காட்டியதைப் பின்னால் விற்றுவிட்டார்கள். முடியுமா?

முடியாது. 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ளவற்றில் இடம் தரலாம், அல்லது வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். தானமாகக் கொடுத்த இடம் ஊராட்சியின் சொத்து. தானப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சில இடங்களில் அது எழுதப்பட்டே இருக்காது.

பக்கத்து வயலை மனையாக்கிவிட்டார்கள். என் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. மழை பெய்தால் வடியவும் இல்லை. நான் என்ன செய்வது?

மனை வாங்குபவரின் சிக்கலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு சென்ட் கூட விற்காத பக்கத்து விவசாயியைப் பற்றிப் பேச ஆள் இல்லை. நியாயமாக அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆற்றுப் பாசனத்திலும் ஏரிப் பாசனத்திலும் ஒரு வயல் தனியாக இல்லை. தலைமடையில் திறந்த தண்ணீர் வயல் வழியாகவும் வரப்போர வாய்க்கால் வழியாகவும் கடைமடைக்குப் போகிறது. மிஞ்சியது வடிகாலில் இறங்குகிறது. நடுவில் இரண்டு ஏக்கரை மண்ணடித்து மூன்று அடி உயர்த்தினால், மேலே உள்ளவருக்கு நீர் தேங்கும், கீழே உள்ளவருக்கு நீர் வராது. இரண்டு போகம் பார்ப்பார். மூன்றாவது போகத்தில் அவரும் தரகரைக் கூப்பிடுவார். முதலில் விற்றவர் நல்ல விலைக்கு விற்றார். கடைசியில் விற்கிறவர் வேறு வழியில்லாமல், கேட்ட விலைக்கு விற்கிறார். ‘விவசாயிகளே விருப்பப்பட்டு விற்கிறார்கள்’ என்று கணக்கு எழுதும்போது இந்த இரண்டு விற்பனையும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. வாய்க்கால் அரசுப் புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் அதை யாரும் மூட முடியாது. புலப்பட வரைபடத்திலும் கிராம வரைபடத்திலும் அது இருக்கும். சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லி வட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஏரி ஆக்கிரமிப்பு என்றால் 2007-ம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. பொதுப் புறம்போக்குகளை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊராருக்கே ஒப்படைக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

சிக்கல் சின்ன வாய்க்கால்களில்தான். பட்டா நிலத்துக்குள்ளேயே தலைமுறையாக ஓடும் வயல் வாய்க்காலுக்குச் சர்வே எண் கிடையாது. எந்த வரைபடத்திலும் இருக்காது. அனுமதி கொடுக்கும் அதிகாரி கோப்பைப் பார்த்தால் அங்கே வாய்க்காலே இல்லை. நேரில் போனவர் மாசி, பங்குனியில் போயிருந்தால் அப்போதும் தெரியாது. இதற்கு 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் கைகொடுக்கும். 20 ஆண்டுகள் தடையில்லாமல் ஒரு நிலத்தின் வழியே தண்ணீர் கொண்டுபோயிருந்தால் அந்த உரிமையை நீதிமன்றத்தில் கோரலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் விவசாயி. ஆகவே கல் நட்ட அன்றே புகைப்படம் எடுங்கள், அக்கம்பக்கத்தாரைச் சாட்சியாக வைத்து எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். மண் அடித்த பிறகு போனால் ‘இங்கே வாய்க்கால் இருந்ததா?’ என்றுதான் கேட்பார்கள்.

பெரிய அளவிலும் இதே கவலை உண்டு. நீர்நிலைகளை உள்ளடக்கிய 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பைச் சிறப்புத் திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சூழலியல் அமைப்புகளும் விவசாயச் சங்கங்களும் அதை எதிர்த்தது காரணமில்லாமல் அல்ல.

எங்கள் ஊர் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் இருக்கிறது. இங்கே மனை போட முடியாதுதானே?

போட முடியும் என்பதுதான் வருத்தமான பதில். 2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கும் (பின்னர் பிரிந்த மயிலாடுதுறை உட்பட), கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களுக்கும் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு, தாமிர, துத்தநாக, அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கும் தொழில் போன்றவற்றை அது தடுக்கிறது. சாலை, குழாய்ப் பாதை, துறைமுகம், மின்சாரம் ஆகியவற்றுக்குத் தடையில்லை. வீட்டுமனை அந்தத் தடைப் பட்டியலிலேயே இல்லை.

சட்டத்தால் பயனில்லை என்று இதற்குப் பொருளல்ல. 2023-ல் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி ஆகிய நிலக்கரிப் பகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தபோது எழுந்த எதிர்ப்புக்கு இந்தச் சட்டம் பக்கபலமாக நின்றது, மூன்றும் நீக்கப்பட்டன. ஆனால் தஞ்சைச் சமவெளியில் வயல் குறைவது எண்ணெய்க் கிணறால் மட்டும் அல்ல. மஞ்சள் கல்லை இந்தச் சட்டம் பார்க்கவே இல்லை.

மற்ற மாநிலங்களில் எப்படி?

கர்நாடகத்தில் நில வருவாய்ச் சட்டத்தின் 95-வது பிரிவின்படி விவசாய நிலத்தை மாற்ற மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். கேரளம் ஒருபடி மேலே போய் 2008-ல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. எது நெல்வயல் என்று ஊராட்சிவாரியாகப் பதிவேடு தயாரித்து, பட்டியலில் உள்ள வயலை மூடத் தடை போட்டார்கள். 2018 திருத்தத்தில் பட்டியலில் சேராத நிலங்களுக்குக் கட்டணம் கட்டி மாறும் வழி திறக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். குறைகள் இருந்தாலும் அங்கே ‘இது வயல்’ என்று பெயர் எழுதிய ஒரு பட்டியலாவது இருக்கிறது. தமிழ்நாட்டில் நெல்வயலுக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. வேண்டும்.

என் சொந்த வயலில் எனக்கு ஒரு வீடு கட்டிக்கொள்ளவும் இத்தனை அனுமதியா?

வயலை ஒட்டிய பண்ணை வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் வேளாண் உபயோகப் பகுதியிலும் விதிகளுக்கு உட்பட்டு அனுமதிக்கிறார்கள். கிராம நத்தம் என்றால் அது குடியிருப்புக்கான நிலமே. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி கட்ட இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. சான்று கொடுப்பவர் நீங்களே. விவரம் தவறென்று பின்னால் தெரிந்தால் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

பஞ்சமி நிலத்தை வாங்கிவிட்டேன், பட்டாவும் மாறிவிட்டது. பயமில்லையே?

பயம் உண்டு. 1892-க்குப் பின் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் வழங்கப்பட்ட நிலங்கள் அவை. அச்சமூகத்தவர் அல்லாதவருக்கு விற்றது செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் நிபந்தனை நிலத்தோடு வரும்.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் செல்லுமா?

மனைப்பிரிவு அனுமதியையோ சுரங்க உரிமத்தையோ கிராம சபைத் தீர்மானம் தானாக ரத்து செய்துவிடாது. மதுரை மேலூர் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிந்தது. அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களின் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன, மக்கள் தெருவில் இறங்கினார்கள், டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை 2022 முதல் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டது. அதன் பின்னும் நிலமெடுப்பு வேலைகள் தொடர்ந்தன. தீர்மானம் ஒரு ஆவணம். நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் அது பேசும். தனியாக நின்று எதையும் தடுக்காது.

விதிமீறல் தெரிந்தால் யாரிடம் போவது?

அனுமதியில்லாத மனைப்பிரிவு, கட்டடம் என்றால் டிடிசிபி மாவட்ட அலுவலகம் அல்லது சிஎம்டிஏ. 1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்படி வேலையை நிறுத்தவும் பூட்டி முத்திரையிடவும் அவர்களால் முடியும். வாய்க்கால், புறம்போக்கு என்றால் வட்டாட்சியரும் நீர்வளத் துறையும். எதுவானாலும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்; பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊரின் வாய்க்கால், ஏரி, மேய்க்கால், பாதைப் புறம்போக்குகளின் சர்வே எண்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். சர்வே எண் இல்லாத வயல் வாய்க்கால்களையும் பெயர் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மனைக்காரர் வருவதற்கு முன் அந்தப் பதிவு இருக்க வேண்டும்.